ஏடும் விரலும்: ராக்டைம் பியானோ இசையில் மனோதர்மம்

I

ஓர் இசை ஆக்கம் எங்கே உறைகின்றது? இயற்றியவர் எழுதிவைத்த ஏட்டிலா, அதனை வாசிப்பவரின் விரல்களிலா? இவ்வினா இசைத் திறனாய்வில் பழமையானது. 19ஆம் நூற்றாண்டின் மேலைத்தேயச் செவ்வியல் இசைமரபு இதற்கு ஒரு விடையினை ஏறத்தாழ நிலைநிறுத்தியிருந்தது. இயற்றுநரே கர்த்தா, வாசிப்பவர் அவர் கருத்தை வெளிக்கொணரும் கருவி என்பதே அவ்விடை. அதே நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே உருவாகிய ராக்டைம் என்னும் பியானோ இசை, இவ்விடையை ஒரு கையால் ஏற்று மறு கையால் விலக்கியது. ராக்டைமை எவ்வாறு வாசித்தல் தகும் என்பது பற்றிய விவாதம் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் ஓயாதிருப்பதற்கு இவ்விரட்டைத் தன்மையே காரணமாகும்.

ராக்டைமின் அடிப்படை இலக்கணம் எளிமையானது. இடக்கை, அணிவகுப்பு இசைக்குரிய ஒழுங்குடன், அடித்தாளத்தில் தாழ்ந்த சுரத்தையும் இடைத்தாளத்தில் சுரக்கூட்டையும் மாறி மாறி ஒலிக்கின்றது. வலக்கையின் மெட்டோ அவ்வொழுங்குக்குப் பணியாது, அழுத்தம் விழவேண்டிய இடத்திற்குச் சற்று முன்னரோ பின்னரோ அழுத்தத்தை வைக்கின்றது. சின்கொப்பேசன் எனப்படும் இத்தாள இடப்பெயர்ச்சியே இவ்விசையின் உயிர்நாடி. ஒரு கை விதியைக் காக்க, மறு கை அதனை மீறுகின்றது. காத்தல் தளர்ந்தால் மீறலுக்குப் பொருளில்லை. மீறல் ஒழிந்தால் எஞ்சுவது வெறும் அணிவகுப்பே.

'ராக்' என்னும் சொல் ஒரு வகை ஆக்கத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக மட்டுமன்றி வினைச்சொல்லாகவும் வழங்கியது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தெரிந்த ஒரு பாடலையோ அணிவகுப்பு இசையையோ எடுத்து, அதன் தாளத்தைக் கந்தலாக்கி வாசிப்பதே அவ்வினையின் பொருள். 1897ஆம் ஆண்டிலேயே பென் ஹார்னியின் பெயரில் வெளிவந்த 'ராக்டைம் இன்ஸ்ட்ரக்டர்' என்னும் பயிற்சி நூல், எந்த மெட்டையும் அவ்வாறு மாற்றும் முறையைக் கற்பிக்க முற்பட்டது. 1903இல் அக்சல் கிறிஸ்ரன்சன் சிக்காகோவில் தொடங்கிய ராக்டைம் பள்ளி, விரும்பிய பாடல்மீது ஏற்றத்தக்க ஆயத்தமான தாள அசைவுகளைப் பாடங்களாக வகுத்து விற்றது. ஆகவே, ராக்டைம் முதலில் ஒரு செயன்முறை. பின்னரே அது ஒரு வடிவம். இச்செயன்முறையில் வாசிப்பவரின் மனோதர்மம் அடங்கியிருந்தது. மனோதர்மம் என்னும் சொல் கர்நாடக இசைப் பயிற்சியுடையோர்க்கு இராக ஆலாபனையையும் கற்பனா சுரத்தையும் நினைவூட்டும். இங்கு விரிக்கப்படுவது இராகமன்று. குறிப்பிட்ட நீளமும் குறிப்பிட்ட சுரக்கூட்டு வரிசையும் கொண்ட ஒரு சட்டகத்தினுள் வாசிப்பவர் அவ்வேளையிலேயே புதியன புனைவதையே அச்சொல் இங்கு குறிக்கின்றது.

II

இச்செயன்முறை எழுத்து வடிவம் பெற்றமைக்கு ஸ்கொட் ஜொப்ளினின் பங்கு தலையாயது. 1868ஆம் ஆண்டளவில் பிறந்த ஜொப்ளின், ரெக்சாஸ் மாநிலத்தில் ஜேர்மனிய இசையாசிரியர் ஒருவரிடம் பயின்று, பின்னர் மிசூரி மாநிலத்தின் செடாலியா நகரில் வாழ்ந்தார். 1899இல் அங்கு ஜோன் ஸ்ரார்க் என்னும் வெளியீட்டாளர் அவரது 'மேப்பிள் லீஃப் ராக்' என்னும் ஆக்கத்தை அச்சிட்டார். விற்பனையாகும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சதம் இயற்றுநருக்குரியது என ஒப்பந்தம் எழுதப்பட்டது. முதலாண்டில் ஏறத்தாழ 400 பிரதிகளே விற்பனையாயின. அதாவது நான்கு டொலர். எனினும் பின்னைய ஆண்டுகளில் விற்பனை பல இலட்சங்களாகப் பெருகிற்று.

அவ்வொரு சதம் பொருளாதார நோக்கில் அற்பமாயினும் சமூக நோக்கில் அற்பமன்று. அக்காலத்துக் கறுப்பின இசைஞர் பலரின் ஆக்கங்கள் சிறு தொகைக்கு ஒரேயடியாக விலைபேசப்பட்டன. அல்லது காதால் கேட்ட பிறரால் எழுதப்பட்டுப் பிறர் பெயரில் வெளிவந்தன. கறுப்பினத்தவரை இழிவாகச் சித்திரிக்கும் படங்களைத் தாங்கிய பாட்டுப் பிரதிகள் அமெரிக்க வீடுகளின் பியானோக்களில் நிறைந்திருந்த காலம் அது. அத்தகைய சூழலில், ஒரு கறுப்பினத்தவர் தம்மை இயற்றுநர் எனக் கூறித் தம் பெயரால் அச்சேறிய ஒவ்வொரு சுரத்துக்கும் பொறுப்பேற்றல் மானுட கௌரவத்துக்கான உரிமைக்கோரிக்கையாகும். எழுதப்பட்ட ஏட்டின்மீது ஜொப்ளின் கொண்ட பிடிவாதத்தை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ளல் வேண்டும். ராக்டைமை விரைந்து வாசித்தல் ஒருபோதும் சரியன்று என்னும் கருத்துப்பட அவர் தம் பிரதிகளில் எச்சரிக்கை பொறித்தார். 1908இல் வெளியிட்ட 'ராக்டைம் பள்ளி' என்னும் சிறு நூலில் ஆறு பயிற்சிகளை அமைத்து, வலக்கையின் ஒவ்வொரு சுரமும் இடக்கையின் எந்தப் புள்ளியோடு இணையவேண்டும் என்பதைக் காட்டினார். இயற்றுநர் எழுதிய கால அளவை அப்படியே காக்குமாறு அந்நூல் வற்புறுத்துகின்றது.

'மேப்பிள் லீஃப் ராக்'கின் கட்டமைப்பை நோக்குமிடத்து அப்பிடிவாதம் வெற்று வீறாப்பன்று என்பது புலனாகும். மேலைத்தேய இசையில் 'பார்' எனப்படும் தாள அலகுகள் பதினாறு கொண்ட நான்கு பகுதிகள் இதில் உள்ளன. அவற்றை அ, ஆ, இ, ஈ எனக் கொண்டால் முழு ஆக்கமும் அஅ ஆஆ அ இஇ ஈஈ என அமைகின்றது. மூன்றாம் பகுதியில் ஆதார சுருதி மாறுகின்றது. நான்காம் பகுதியில் மீண்டும் தொடக்கச் சுருதிக்குத் திரும்புகின்றது. முதற் பகுதியின் நடுவே, இடக்கை தன் வழக்கமான துள்ளலைக் கைவிட, இருகைகளும் மாறி மாறிக் கீழிருந்து மேலேறும் ஓர் இடம் உண்டு. தாளத்தின் தரை ஒரு கணம் காலடியிலிருந்து நழுவி மீண்டும் வந்து சேர்வதான உணர்வை அது தருகின்றது. இவ்விடம் விபத்தாக நேர்ந்ததன்று. எழுதித் திட்டமிட்டுப் பெறப்பட்டது. இதனை மனம்போனவாறு மாற்றி வாசிப்பவர் எதனை இழக்கின்றார் என்பதை அறிந்தே மாற்றல் வேண்டும்.

III

ஆயினும் ஏடு காக்கத் தவறியவையும் உள. இவ்வகையில் லூயி ஷோவின் என்பவரின் வரலாறு ஆராயத்தக்கது. 1881இல் பிறந்த ஷோவின், செயின்ற் லூயிஸ் நகரின் பியானோக் கலைஞருள் முதன்மையானவராகத் தம் காலத்தவரால் மதிக்கப்பட்டவர். அந்நகரில் ரொம் ரேர்ப்பின் நடத்திய றோஸ்பட் என்னும் மதுநிலையம் பியானோக் கலைஞர் ஒன்றுகூடிப் போட்டியிடும் களமாக விளங்கிற்று. ஒருவர் வாசித்ததை மற்றவர் உடனேயே வேறு வகையில் விரித்து வாசித்து வெல்ல முற்படும் அத்தகைய போட்டிகளில் ஏட்டுக்கு இடமில்லை. 1904இல் நடைபெற்ற போட்டியில் ஷோவின் முதலிடம் பெற்றார். எனினும் அவர் இசைக் குறியீட்டை வாசிக்கவோ எழுதவோ அறியாதவர். 1908இல், முப்பது வயதை எட்டுமுன்னரே, அவர் மறைந்தார். அவரது வாசிப்பு எவ்வித ஒலிப்பதிவிலும் இல்லை.

இன்று ஷோவினின் கலையை அறிய எஞ்சியிருப்பனவற்றுள் முக்கியமானது 1907இல் வெளிவந்த 'ஹெலியோற்றோப் பூக்கே' என்னும் ஆக்கம். அதன் முதலிரு பகுதிகள் ஷோவினுடையவை. அவற்றை ஏட்டில் எழுதி, பின்னிரு பகுதிகளைத் தாமே சேர்த்து முடித்தவர் ஜொப்ளின். முதலிரு பகுதிகளில் தாளம் மென்மையாக அசைகின்றது. மெட்டு ஓரிடத்தில் நிலைகொள்ளாது கனவுபோல நகர்கின்றது. பின்னிரு பகுதிகள் உறுதியான கட்டுக்கோப்புடையன. இரு மனங்களின் வேறுபாடு ஒரே ஆக்கத்தில் செவிப்புலனாகும் அரிய வாய்ப்பு இது. இதிலிருந்து இரு உண்மைகள் பெறப்படும். முதலாவது, ஜொப்ளினின் பேனா இல்லையேல் ஷோவினின் இச்சிறு பகுதியும் அழிந்திருக்கும். இரண்டாவது, பேனா தீண்டாத ஷோவினின் பெருங்கலை அழிந்தேபோயிற்று. ஒவ்வொரு முறையும் வேறாக வாசித்திருக்கக்கூடிய ஒருவரின் ஒரேயொரு தருணமே ஏட்டில் உறைந்துள்ளது. அதனை இன்று வாசிப்பவர் சுரம் பிசகாது வாசித்தால் ஷோவினுக்கு உண்மையாயிருப்பவராவாரா, அன்றி அவரது கலையின் இயல்புக்கு மாறாகச் செயற்படுபவராவாரா? ஏட்டு விசுவாசம் என்னும் கோட்பாட்டின் எல்லை இங்கேயே வெளிப்படுகின்றது.

ஜொப்ளினே தம் ஏட்டை அவ்வாறே வாசித்தாரா என்னும் வினாவும் எழுவது இயல்பு. அவரது வாசிப்பு இசைத்தட்டில் இல்லை. ஆனால் 1916இல், அவர் மறைவதற்கு ஓராண்டு முன்னர், துளையிட்ட காகிதச் சுருளினால் தானாக இயங்கும் பியானோக்களுக்காக அவர் சில சுருள்களைத் தயாரித்தார். அவற்றுள் ஒன்றான 'மேப்பிள் லீஃப் ராக்' சுருளில், அச்சிட்ட ஏட்டில் இல்லாத அலங்காரச் சுரங்கள் இடக்கையில் பல இடங்களில் ஒலிக்கின்றன. சுருள்களை வெளியீட்டு நிறுவனத்தார் திருத்துவது அக்கால வழக்கமாதலின், இவ்வலங்காரங்கள் ஜொப்ளினுடையனவே எனத் துணிந்து கூறல் பொருந்தாது. ஆயினும் அவர் பெயரால் வெளிவந்த ஒரு வாசிப்பே ஏட்டிலிருந்து விலகி நிற்பது, ஏட்டினை இறுதிச் சொல்லாகக் கொள்வோர் கருத்தூன்றவேண்டிய சான்றாகும்.

IV

ஏட்டிலிருந்து விலகுதல் எவ்வாறு ஒரு கலைக் கொள்கையாகின்றது என்பதற்கு நியூ ஓர்லியன்ஸ் நகரத்தவரான ஜெலி றோல் மோர்ட்டன் சிறந்த எடுத்துக்காட்டு. 1938இல், புகழ் மங்கி வாஷிங்டனில் வாழ்ந்துகொண்டிருந்த மோர்ட்டனைக் கொங்கிரஸ் நூலகத்துக்கு அழைத்து, நாட்டாரியல் ஆய்வாளர் அலன் லோமக்ஸ் அவரது நினைவுகளையும் வாசிப்பையும் பல மணிநேரம் பதிவுசெய்தார். அப்பதிவுகளில் மோர்ட்டன் 'மேப்பிள் லீஃப் ராக்'கை இருவகையாக வாசித்துக் காட்டுகின்றார்: முதலில் மிசூரிக் கலைஞர் வாசிக்கும் முறையில்; அடுத்து, தமது முறையில்.

இவ்விரண்டையும் ஒப்புநோக்குதல் திறனாய்வு மாணவர்க்கு ஒரு முழுப் பாடமாகும். முதலாவதில் குறுஞ்சுரங்கள் சம அளவில் ஒலிக்க, இடக்கை மாறாத் துள்ளலுடன் செல்கின்றது. இரண்டாவதில் அச்சமநிலை குலைகின்றது. இணையாக வரும் இரு சுரங்களுள் ஒன்று நீள, மற்றது குறுகுகின்றது. முழு ஆக்கமும் ஊசலாடத் தொடங்குகின்றது. ஜொப்ளினின் ஏட்டில் முன்னுரை இல்லை. மோர்ட்டன் முதற் பகுதியின் இறுதி அடியை எடுத்து ஒரு முன்னுரையாக்குகின்றார். அடுத்து, அ ஆ அ இஇ ஈஈ எனத் தொடக்கப் பகுதிகளின் மீள்வரவைச் சுருக்கி, பிற்பகுதிகளை விரிவுக்குரிய களமாக்குகின்றார். ஏட்டின்படி ஒரே பகுதி இருமுறை வரும்போது இரண்டும் ஒன்றே. மோர்ட்டனிடம் அவை ஒருபோதும் ஒன்றாவதில்லை. ஓரிடத்தில் டாங்கோ நடனத்தின் சாயல் புகுகின்றது. வேறோரிடத்தில் இடக்கை றொம்போன் வாத்தியம்போலச் சறுக்கி இறங்குகின்றது. பியானோக் கலைஞர் ஒரு முழு வாத்தியக் குழுவையும் தம் விரல்களில் எழுப்பவேண்டும் என்பது மோர்ட்டனின் கொள்கை. அக்கொள்கை இங்கு செயலுருப் பெறுகின்றது.

இச்சான்றினை எடைபோடுகையில் அவதானம் தேவை. மோர்ட்டன் நடுநிலையான சாட்சியல்லர். ஜாஸ் இசையைத் தோற்றுவித்தவர் தாமே என்று அதே 1938ஆம் ஆண்டில் பகிரங்கமாக உரிமைகோரியவர் அவர். மிசூரி முறையெனத் தாம் வாசித்தது சற்று விறைப்பாயிருப்பின், அடுத்து வரும் தமது முறை மேலும் ஒளிரும் என்பதை அவர் அறியாதவரல்லர். எனினும் அவர் உள்நோக்கம் எதுவாயினும் அவ்வாசிப்பின் கலைத்தகுதி குன்றுவதில்லை. மோர்ட்டனின் மனோதர்மம் தன்னிச்சையானதன்று. பகுதிகளின் பதினாறு அலகு நீளமும், சுரக்கூட்டுகளின் வரிசையும், சுருதி மாறும் இடமும் அவ்வாறே பேணப்படுகின்றன. ஜொப்ளின் கட்டிய வீட்டின் சுவர்களை அவர் இடிக்கவில்லை. அவ்வீட்டில் வேறொரு வாழ்க்கையை வாழ்கின்றார். ஒருவகையில் இது வாசிப்பின் வழியே எழுதப்பட்ட திறனாய்வுமாகும்.

நியூயோர்க்கின் ஹாலெம் பகுதியில் இம்மாற்றம் வேறு திசையிற் சென்றது. ஜேம்ஸ் பீ. ஜோன்சன் 1921இல் இசைத்தட்டில் பதிவுசெய்த 'கரோலைனா ஷவுட்', ராக்டைமின் பகுதிக் கட்டமைப்பைத் தக்கவைத்தவாறே இடக்கையின் வீச்சை விரித்து, வேகத்தையும் உந்துவிசையையும் கூட்டுகின்றது. ஸ்றைட் எனப் பெயர்பெற்ற இம்முறையில் இடக்கையே சில வேளைகளில் தாள ஒழுங்கைக் குலைத்து வலக்கையைத் திகைக்கவைக்கின்றது. இளவயதினராயிருந்த டியூக் எலிங்டன், இவ்வாக்கத்தின் சுருளை மெதுவாகச் சுழலவிட்டு, தானாக அமிழும் கட்டைகளின்மேல் தம் விரல்களை வைத்துப் பயின்றார். பதிவுசெய்யப்பட்ட மனோதர்மம் அடுத்த தலைமுறைக்கு ஏடாக மாறிய விந்தை இது. ஏடும் விரலும் ஒன்றையொன்று பகைப்பனவல்ல. ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டேயிருப்பன.

V

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ராக்டைம் மீண்டும் செல்வாக்குப் பெற்றபோது இவ்வுறவு பிளவுண்டது. ஒருபுறம், பழைய மதுநிலையத்தின் சுருதி பிசகிய பியானோவைப் போலிசெய்யும் பாணி பரவிற்று. 1952இல் பிரித்தானியாவில் பெரும் வெற்றிபெற்ற வினிஃப்ரெட் அற்வெலின் 'பிளாக் அன்ட் வைற் ராக்' இதற்குத் தக்க உதாரணம். ட்ரினிடாட்டைச் சேர்ந்த இக்கறுப்பினப் பெண்மணி செவ்வியல் இசையிலும் முறையாகப் பயின்றவர். மேடையில் சீரிய பியானோவில் செவ்வியல் ஆக்கங்களை வாசித்துவிட்டு, பின்னர் தமது 'மற்றைய பியானோ'வான ஒரு பழைய கருவிக்கு மாறுவார். அவரது விரல்வன்மை ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் அக்கருவி மாற்றமே ஒரு சமூக மதிப்பீட்டைச் சுமந்திருந்தது: செவ்வியல் இசைக்கு நல்ல பியானோ, ராக்டைமுக்குக் கெட்ட பியானோ. ஜொப்ளின் எதிர்த்துப் போராடியது இம்மதிப்பீட்டையே.

மறுபுறம், 1970இல் ஜோஷுவா றிஃப்கின் வெளியிட்ட இசைத்தட்டு ஜொப்ளினை அவரது ஏட்டுக்கு மீட்டுக்கொடுத்தது. நிதானமான வேகம், தெளிவான சுரம், வேண்டாத அலங்காரமின்மை என்பன அவ்வாசிப்பின் பண்புகள். ஷோப்பானின் ஆக்கங்களுக்குக் காட்டப்படும் அதே மரியாதை இங்கு ஜொப்ளினுக்குக் காட்டப்பட்டது. 1972இல் அவரது 'ற்றீமொனிஷா' இசைநாடகம் அற்லாண்டாவில் முழுமையாக அரங்கேறியதும், 1976இல் அவருக்கு மறைவின் பின்னர் புலிற்சர் சிறப்பு விருது வழங்கப்பட்டதும் இம்மீட்சியின் தொடர்விளைவுகள். வறுமையிலும் நோயிலும் 1917இல் மறைந்த ஒருவருக்கு வரலாறு செலுத்திய காலங்கடந்த கடன் இது. இதன் பெறுமானத்தைக் குறைத்து மதிப்பிடல் நன்றிகேடாகும்.

ஆனால் வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. 1973இல் வெளிவந்த 'த ஸ்ரிங்' என்னும் திரைப்படம் 1902ஆம் ஆண்டு ஆக்கமான 'த என்ரரெயினர்' மெட்டினை உலகெங்கும் பரப்பியது. 1936இல் நிகழும் கதைக்கு ஒரு தலைமுறை முந்திய இசை பின்னணியானமை பற்றி எவரும் கவலைகொள்ளவில்லை. 'பழைய காலம்' என்னும் மங்கலான இனிமையே அங்கு வேண்டப்பட்டது. இதன் பின்னர் பயிற்சிப் புத்தகங்களிலும் போட்டி மேடைகளிலும் ராக்டைம் என்பது ஏட்டைப் பிசகின்றி ஒப்புவிக்கும் ஒன்றாகவே பெரிதும் கருதப்படலாயிற்று. ஜொப்ளினின் ஏட்டைக் கௌரவித்தவர்கள் தம்மையறியாமலே ஷோவினை இரண்டாம் முறையும் மௌனமாக்கினர். வலக்கை எழுதிவைத்தபடியே மீறுமாயின், அடுத்து வருவது அனைவருக்கும் முன்கூட்டியே தெரியுமாயின், அம்மீறலும் ஒரு விதியாகிவிடுகின்றது. அணிவகுப்பை எதிர்த்துப் பிறந்த இசை மற்றோர் அணிவகுப்பாகும் ஆபத்து இங்குண்டு.

VI

ஆகவே, ராக்டைமை வெவ்வேறு பாணிகளில் வாசித்தலும் அதன்மீது மனோதர்மம் செய்தலும் தகுமா என்பது தவறாக எழுப்பப்பட்ட வினா. ஒரு வாசிப்பு ஏட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்பது அதன் தரத்தை அளக்கும் கோலாகாது. எதனை விலக்கியது, எதனைக் காத்தது, எதன்பொருட்டு விலக்கியது என்பனவே திறனாய்வாளர் எழுப்பவேண்டிய வினாக்கள். இடக்கையின் ஒழுங்குக்கும் வலக்கையின் மீறலுக்குமிடையிலான இழுபறி குன்றாதிருத்தல் வேண்டும். பகுதிகளின் கட்டமைப்பும் சுருதி மாற்றத்தின் தருக்கமும் செவிக்குப் புலனாதல் வேண்டும். மீள்வரும் பகுதி மீள்வருவதற்கொரு நியாயம் வாசிப்பில் பிறத்தல் வேண்டும். இம்மூன்றும் நிறைவேறும் இடத்தில் மோர்ட்டனின் துணிவும் றிஃப்கினின் அடக்கமும் ஒரே மரபின் இரு கிளைகளாகின்றன. இவை நிறைவேறாதவிடத்து, விரைந்தோடும் விரல்களின் வித்தையும் பிசகற்ற ஒப்புவித்தலும் ஒரே அளவு உயிரற்றவை.

மனோதர்மம் செய்ய விழையும் மாணவர் முதலில் ஏட்டை அதன் நியாயங்களோடு கற்றல் வேண்டும் என்பதும் இதிலிருந்து பெறப்படும். ஜொப்ளின் வற்புறுத்திய நிதானம் அக்கல்விக்குரிய வேகமே. ஒரு சதத்துக்கு ஒப்பந்தம் எழுதிப் பெற்ற இயற்றுநர் தகுதியை மதியாது அவரது ஆக்கத்தைக் கேளிக்கைப் பொருளாக்குதல் அநீதி. அதேவேளை, எழுதத் தெரியாத ஒருவரின் விரல்களில் மட்டுமே வாழ்ந்து மறைந்த கலையை மறந்து, எழுதப்பட்டதே எல்லாமெனக் கொள்ளுதலும் அநீதியே. 'ஹெலியோற்றோப் பூக்கே'யின் முதலிரு பகுதிகளை வாசிக்க அமர்பவர் முன்னே இவ்விரு கடப்பாடுகளும் ஒருங்கே நிற்கின்றன. முதன்முறை ஏட்டின்படி வாசித்து, அப்பகுதி மீள்வரும்போது தம் விரல்களுக்குச் சற்று இடமளிப்பவர், ஜொப்ளினுக்கும் ஷோவினுக்கும் ஒரேவேளையில் நியாயம் செய்தவராவார் எனலாம்.